ஐந்தாண்டில் இரண்டு பட்டங்கள்: அரசியலும் சட்டமும் இணைந்த வரலாறு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், சட்டம் பயில விழையும் மாணவர்க்கு ஒரு கணக்கு எடுத்துரைக்கப்படுகிறது. கலைப் பட்டத்துக்கு மூன்றாண்டு, அதன்பின் சட்டப் பட்டத்துக்கு மூன்றாண்டு, ஆக ஆறு. ஒருங்கிணைந்த படிப்பிலோ ஐந்தே ஆண்டில் இரண்டும் கைக்கு வந்துவிடும். ஓராண்டு மிச்சம். இக்கணக்கில் பிழையேதும் இல்லை. ஆயினும் அந்த ஓராண்டு எதிலிருந்து எடுக்கப்பட்டது, அதற்கு ஈடாக நாம் பெற்றது என்ன என்னும் வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. விடை காண வேண்டுமாயின் வரலாற்றுக்குள் சிறிது நுழைய வேண்டும்.

அரசியலையும் முறைசெய்தலையும் நம் முன்னோர் வெவ்வேறு கல்வியாகக் கருதவில்லை. திருக்குறளில் இறைமாட்சியும் செங்கோன்மையும் ஒரே இயலில் அமைந்துள்ளன; அவ்வியலின் பெயரே அரசியல். கௌடலீயமும் ஆட்சிக் கலையைக் கூறும் நூலின் நடுவிலேயே வழக்குத் தீர்க்கும் நெறிகளை வைத்தது. இவ்விரண்டையும் தனித்தனி வகுப்பறைகளில் அமர்த்தியது பிற்காலத்துப் பல்கலைக்கழகக் கல்வி.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. மாநிலக் கல்லூரியில் நடைபெற்றுவந்த சட்ட வகுப்புகள் வளர்ந்து, 1891இல் சென்னைச் சட்டக் கல்லூரி தனியே உருப்பெற்றது. பி.ஏ. தேறியவரே பி.எல். படிக்கலாம் என்பது ஊறிப்போன வழக்கம். எந்தக் கலையை முதலில் பயின்றார் என்று சட்டக் கல்லூரி கேட்கவில்லை. பட்டதாரியாக வந்தால் போதும்.

இந்த இருபடி முறை தமிழுக்குச் செய்த நன்மையை இலக்கிய வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926இல் பொறுப்பேற்ற எஸ். வையாபுரிப்பிள்ளை அதற்கு முன் திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக இருந்தவர். நாவலர் சோமசுந்தர பாரதியார் வழக்காடிக்கொண்டே தமிழாராய்ந்தவர். இலக்கிய வரலாறு எழுதிய கா. சுப்பிரமணிய பிள்ளையோ, தம் சட்ட முதுகலைப் பட்டத்தால் 'எம்.எல். பிள்ளை' என்றே அழைக்கப்பட்டார். கல்கத்தாவின் தாகூர் சட்ட விரிவுரைகளை ஆற்றும் பெருமையும் பெற்றார். சான்றை எடைபோடுதல், மாறுபட்ட பாடங்களை ஒப்புநோக்குதல், முடிவுக்குக் காரணம் காட்டுதல் ஆகிய பழக்கங்கள் நீதிமன்றத்துக்கும் சுவடிக்கும் பொதுவானவை. கலைக்கல்வி தனக்குரிய காலத்தை முழுமையாகப் பெற்று, சட்டம் அதன்மேல் அமர்ந்ததால் இத்தகையோர் நமக்குக் கிடைத்தனர் என்பது எம் கருத்து.

அரசியலும் சட்டமும் ஒருவரிடத்தில் கூடினால் என்ன விளையும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அரசியல் அறிவியலுக்கென 1880இல் தனிப் பள்ளி நிறுவிய ஜான் பர்ஜெஸ், அரசமைப்புச் சட்டத்தையும் கற்பித்த பேராசிரியர் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் அம்பேத்கர் இலண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். 1935இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் அமர்ந்தார். சாதி, அரசு, பொருளாதாரம் ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே சட்டத்தின் சொற்களைக் கையாண்டவர் அவர். அவர் பல ஆண்டுகள் கடல் கடந்து தேடித் திரட்டிய இரண்டு அறிவுகளையும் ஒரே கூரையின்கீழ் தர முயல்வதே இன்றைய ஒருங்கிணைந்த படிப்பு எனலாம்.

விடுதலைக்குப் பின் சட்டக் கல்வியின் நிலை கவலை தருவதாக இருந்தது. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1948-49இல் அதனை முற்றிலும் சீரமைக்க வேண்டும் என்றது. பொதுக் கல்வியில் பட்டம் பெற்ற பின்னரே சட்டம் என்னும் நிலையையும் வலியுறுத்தியது. எம்.சி. செதல்வாட் தலைமையில் அமைந்த சட்ட ஆணையமும் தன் 1958ஆம் ஆண்டு அறிக்கையில் கல்லூரிகளின் தரத்தைக் கடுமையாகக் குறைகூறியது. பகலில் அலுவலகம், மாலையில் வகுப்பு என்று பலர் படித்த காலம் அது. 1961இல் வழக்கறிஞர்கள் சட்டம் இயற்றப்பட்டது. சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பு இந்திய பார் கவுன்சிலுக்கு வந்தது. அதுவரை போதுமெனக் கொள்ளப்பட்ட இரண்டாண்டுப் படிப்பு 1967க்குப் பின் மூன்றாண்டாயிற்று. ஆறாண்டுக் கணக்கு பிறந்தது இவ்வாறே.

அடுத்த மாற்றத்துக்குப் பள்ளிக்கல்வி வழிவகுத்தது. பத்தாண்டுக்குப் பின் இரண்டாண்டு மேனிலைக் கல்வி என்னும் முறை நாடெங்கும் பரவியது; தமிழகத்தில் 1978இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளியிலிருந்து நேரே தொழிற்கல்விக்குச் செல்லும் பாதை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இருந்தது. சட்டத்துக்கும் அது வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. வேறு வழியில்லாமல் சட்டத்துக்கு வருவோரைவிட, விரும்பி வரும் இளையோர் வேண்டும் என்பதே உள்நோக்கம். 1980களின் தொடக்கத்தில் பார் கவுன்சில் ஐந்தாண்டுப் படிப்புக்கு விதிகள் வகுத்தது. முதலிரண்டு ஆண்டுகளில் அரசியல் அறிவியல், பொருளியல், வரலாறு, சமூகவியல் முதலியன. எஞ்சிய மூன்றாண்டுகள் சட்டம்.

இத்திட்டத்துக்கு உண்மையான உயிர் வந்தது பெங்களூரில். கர்நாடக அரசு 1986இல் இயற்றிய சட்டத்தின்வழி இந்திய தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் என்.ஆர். மாதவ மேனன். 1988இல் முதல் அணி மாணவர் சேர்ந்தனர். முன்னே கலை, பின்னே சட்டம் என்று அடுக்காமல் இரண்டையும் ஊடும் பாவுமாக நெய்ய வேண்டும் என்பதே அங்கு மேற்கொண்ட முயற்சி.

இந்த நெசவின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அரசமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு? 1967இல் கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் திருத்தம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மையில், திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்றனர். சட்ட நூலை மட்டும் கற்றவருக்கு இவை இரண்டு முன்தீர்ப்புகள். இறையாண்மை என்பது மக்களிடமா, நாடாளுமன்றத்திடமா என்ற அரசியல் வினாவையும் நிலச் சீர்திருத்தத்தின் வரலாற்றையும் உடன் கற்றவருக்கோ, ஒரு குடியரசு தன் எல்லையைத் தானே வரைந்துகொண்ட நிகழ்வு. 1976இலும் 1991இலும் தமிழகத்தில் ஆட்சிகள் கலைக்கப்பட்டதை அறிந்த மாணவர், 356ஆம் பிரிவுக்குக் கடிவாளமிட்ட 1994ஆம் ஆண்டின் பொம்மை வழக்குத் தீர்ப்பை வேறு கண்ணோடு படிப்பார்.

பெங்களூரைப் பின்பற்றிப் பிற மாநிலங்களிலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. சென்னையில் 1997இல் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் அமைந்தது. திருச்சியில் தேசியச் சட்டப் பள்ளி 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. 2008 முதல் 'கிளாட்' எனும் பொது நுழைவுத் தேர்வும் வந்தது.

இனி இழப்பின் பக்கத்தையும் நோக்குவோம். முதலாவது, பதினேழு வயதில் வாழ்க்கைத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அமெரிக்காவிலும் சுருக்கப் படிப்புகள் உள்ளன. அங்கு நான்காண்டுக் கலைப் பட்டமும் மூன்றாண்டுச் சட்டப் பட்டமும் சேர்ந்து ஏழாண்டு. சட்டப் பள்ளியின் முதலாண்டையே கலைப் பட்டத்தின் நான்காம் ஆண்டாகவும் கணக்கிட்டு ஆறாண்டில் முடிக்கிறார்கள். ஆனால் அம்மாணவர் பொதுவாக மூன்றாண்டுக் கலைக்கல்விக்குப் பின்னரே சட்டப் பள்ளிக்குள் நுழைகிறார். நம் மாணவரோ பள்ளிச் சீருடையைக் களையுமுன் முடிவெடுக்கிறார்.

இரண்டாவது மொழி. கிளாட் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்பட்டு வந்தது. பிற மொழிகளிலும் நடத்தக் கோரி 2023இல் டில்லி உயர் நீதிமன்றத்துக்கே வழக்குச் சென்றது. சிற்றூர்ப் பள்ளியில் தமிழ்வழி பயின்ற மாணவிக்குப் பதினேழு வயதில் அவ்வாயில் எளிதில் திறவாது. அவளே கல்லூரியில் மூன்றாண்டு பயின்று, படிக்கவும் வாதிடவும் பழகிய பின் வந்தால் நிலைமை வேறு. கலைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எம்மைப் போன்றோர் இதனை ஆண்டுதோறும் காண்கிறோம். முதலாண்டில் எழுந்து நின்று பேசத் தயங்கியவர், மூன்றாமாண்டில் பட்டிமன்ற மேடையில் எதிரணியைத் திணறச் செய்கிறார். சட்டம் படித்தால் என்ன என்ற எண்ணமே அப்போதுதான் அவருள் துளிர்க்கிறது.

மூன்றாவது, கலைப்பாடம் ஊறுகாயாகிவிடும் இடர். அரசியல் அறிவியலைத் தேர்வுக்கான சில தாள்களாகக் கடந்துவிட்டு, 'உண்மையான' பாடம் சட்டமே என்று விரையும் இடங்களில் இரண்டு பட்டங்கள் கிடைக்கின்றன; இரண்டு கல்விகள் கிடைப்பதில்லை. மிச்சமான ஓராண்டு அங்கே கலையிலிருந்து களவாடப்பட்டதே.

2024 ஏப்ரலில், பள்ளிப் படிப்புக்குப் பின் மூன்றாண்டிலேயே சட்டப் பட்டம் தர வேண்டும் எனக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஐந்தாண்டே குறைவு என்னும் பொருள்படக் கருத்துரைத்தார் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட். மற்றொரு செய்தி இன்னும் பொருள் பொதிந்தது. ஐந்தாண்டுப் படிப்பின் தாய்வீடாகிய பெங்களூர் நிறுவனமே, 2022இல் பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுச் சட்டப் படிப்பையும் தொடங்கியது. வேறு துறைகளில் தேர்ந்தவரும் சட்டத்துக்கு வேண்டும் என்பதை அது உணர்ந்ததாகவே கொள்ளலாம்.

ஒருங்கிணைந்த படிப்பை நாம் எதிர்க்கவில்லை. அரசியலறிவு இல்லாத சட்டவாணர், விதியின் எழுத்தை அறிவார். அதனை எழுதிய அதிகாரத்தை அறியார். அவ்விரண்டையும் ஒருசேரக் கற்பிக்கும் ஏற்பாடு நாட்டுக்குத் தேவை. ஆனால் அது ஒரே வாயிலாக ஆகிவிடலாகாது. தமிழகத்து அரசு சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடைபெறும் மூன்றாண்டுப் படிப்பு, பின்தங்கியோர்க்கு இரங்கி விட்டுவைத்த பழைய ஏற்பாடன்று. தமிழோ வரலாறோ கணிதமோ முழுமையாகக் கற்ற ஒருவர், இருபது வயதுக்கு மேல் தம் மனமறிந்து நீதிமன்றத்தை நோக்கித் திரும்பும் பாதை அது. வையாபுரிப்பிள்ளை வந்த அப்பாதையில் புல் முளைக்க விடலாகாது.