கத்தி எந்தப் பக்கம்? கண்புரை ஆபரேஷனின் கதை

இன்னிக்கு எபிசோட் எங்க வீட்ல இருந்து ஆரம்பிக்குது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். முந்தின நாள் டாக்டர், "நான் காதுப் பக்கமா உட்கார்ந்து பண்றேன். இவங்க கண்ணுக்கு அதுதான் நல்லது"ன்னார். பாட்டிக்குப் பண்ணினப்போ மேல்பக்கம்தான் வெட்டினாங்க. புரை போச்சு, ஆனா சிலிண்டர் பவர் ஏறிடுச்சு. கடைசி வரைக்கும் கண்ணாடி இல்லாம பஸ் நம்பர் தெரியல. வெட்டுற இடம் மாறினா பார்வையும் மாறுமா? ஒரு வாரம் உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல அடிப்படை. கண்ணின் முன்பக்கக் கார்னியா, கிரிக்கெட் பந்து மாதிரி எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இருக்கணும். ஸ்பூன் முதுகு மாதிரி ஒரு திசையில் மட்டும் அதிகம் வளைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. இதுதான் ஆஸ்டிக்மாட்டிசம். கண்ணாடிச் சீட்டுல சிலிண்டர்னு எழுதுறது இதைத்தான். மேலே வெட்டினால், காயம் ஆறியதும் மேல்-கீழ் வளைவு தட்டையாகும், குறுக்கு வளைவு கூடும். பக்கவாட்டில் வெட்டினால் நேர் எதிர்.

1747-இல் பிரான்சின் ஜாக் தாவியேல் கார்னியாவைத் திறந்து புரையை வெளியே எடுத்தார். அதுவரை ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவதுதான் வழக்கம். தாவியேல் வெட்டியது கீழ்ப்பக்கம். பிறகு வந்தவர்கள் மேல்பக்கத்துக்கு மாறினார்கள், மேல் இமை காயத்தை மூடிக் காக்கும் என்பதால். 1869-இல் நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன், ஆமா, அந்த எழுத்துப் பலகைக்காரர்தான், அதிக வளைவுள்ள திசையில் வெட்டினால் அந்த வளைவைக் குறைக்கலாம் என்றார். ஆனா ரொம்ப நாள் யாரும் பெரிசா கண்டுக்கல. லென்ஸை எடுத்தபின் எப்படியும் சோடாபாட்டில் கண்ணாடி போடணும், சிலிண்டரையும் அதிலேயே சேர்த்துடலாமே!

1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். தடிக் கண்ணாடி மெல்ல ஒழிந்தது, மிச்சமிருந்த சிலிண்டர் உறுத்த ஆரம்பித்தது. 1967-இல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் அல்ட்ராசவுண்டால் புரையைப் பொடியாக்கி உறிஞ்சினார். அதற்கு 3 மி.மீ. வெட்டு போதும். ஆனால் உள்ளே வைக்கும் லென்ஸ் விறைப்பானது, அகலம் சுமார் 6 மி.மீ. அதுக்காக வெட்டைத் திரும்பப் பெரிசாக்கணும்! டிபெண்டன்சி பிரச்சினை நமக்குப் புதுசா என்ன? 1980-களில் மடிக்கும் லென்ஸ் வந்துதான் தீர்ந்தது.

சரி, காதுப் பக்கம் ஏன்? கார்னியா குறுக்கே சுமார் 12 மி.மீ., நெடுக்கே சுமார் 11. அதனால் காதுப் பக்க ஓரம் பார்வை மையத்திலிருந்து தள்ளி இருக்கு, பாதிப்பு குறைவு. கூடவே, வயசானால் பலருக்குக் குறுக்கு வளைவு கூடும். மேலே வெட்டினால் அது இன்னும் ஏறும், பக்கத்தில் வெட்டினால் தணியும். வெட்டு பெரிசானால் வித்தியாசமும் பெரிசு. நம்ம ஊரில் நிறைய நடக்கும், அல்ட்ராசவுண்ட் மெஷின் இல்லாத முறையில் வெட்டு 6 மி.மீ. அளவு இருக்கும். அங்கே இடம் இன்னும் முக்கியம்.

எல்லாருக்கும் காதுப் பக்கம்தானா? இல்ல. மேல்-கீழ் வளைவு அதிகம் இருக்கிறவங்களுக்கு மேல்பக்க வெட்டே உதவும். அளந்து பார்த்துதான் முடிவு. சிலிண்டர் ரொம்ப அதிகம்னா, அதையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் இருக்கு.

பாட்டிக்குப் பண்ணின டாக்டர் மேல எனக்குக் கோபமில்ல, அன்னிக்கு வழக்கம் அது. ஆனா உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னா, லென்ஸ் விலையோட இதையும் கேளுங்க: "சிலிண்டர் எவ்வளவு டாக்டர்? எந்தப் பக்கம் வெட்டப் போறீங்க?"

அடுத்த வாரம் சந்திப்போம்.