நம் ஊர்ப் பேய்க்கு வெள்ளைப் புடவை கிடையாது



என் பழைய மாணவி ஒருத்தியின் மகன் கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து ஐந்து நிமிடப் பேய்ப்படம் எடுக்கிறான். போன வாரம் சாமான் பட்டியலோடு வந்தான். வெள்ளைப் புடவை, நீளமான சவுரி, கொலுசு, சிவப்புச் சாயம், மெழுகுவத்தி. "வேற என்ன வேணும் தாத்தா?" என்றான். "நீ காரைக்கால் பிள்ளைதானே, இதை ஏன் வெளியில் தேடுகிறாய்?" என்று கேட்டேன்.

வெள்ளைப் புடவைப் பேயை நமக்குப் பழக்கியது சினிமா. 1964இல் 'வோ கவுன் தீ' என்ற இந்திப் படத்தில் சாதனா வெள்ளைப் புடவையில் மழையில் நின்றார். 1966இல் அதன் தமிழ் வடிவமான 'யார் நீ?' ஜெயலலிதா நடிப்பில் வந்தது.

அதற்குச் சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன்பே பேயின் தோற்றத்தை எழுதி வைத்தவர் நம் ஊர்ப் பெண், காரைக்கால் அம்மையார். அவர் 6ஆம் நூற்றாண்டினர் என்பது பலர் கருத்து. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வரும் பெண்பேய்க்கு மார்பு வற்றி, நரம்பு புடைத்திருக்கும். கண்ணும் வயிறும் குழிந்திருக்கும். முடி செம்பட்டை, இரண்டு பற்கள் மட்டும் நீளம். கண்மைக்கு அது கடைக்குப் போகாது. சுடுகாட்டுக் கொள்ளியை எடுத்து மசித்து இட்டுக்கொள்ளும். பின்னணி ஒலிக்கு நடுநிசியில் கலகலக்கும் காய்ந்த வாகை நெற்று, கூகை, ஆந்தை. அரங்கப் பொருளுக்குக் கள்ளிச்செடி.

இந்த வேடம் எப்படி வந்தது என்பதைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொல்கிறார். மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறொருத்தியை மணந்தான். சுற்றத்தார் புனிதவதியை அங்கே அழைத்துச் சென்றபோது, புது மனைவி, மகளோடு அவர் காலில் விழுந்தான். அவனுக்காகச் சுமந்த அழகும் சதையும் இனி வேண்டாம் என்று அம்மையார் இறைவனிடம் பேய் வடிவம் கேட்டுப் பெற்றார். மற்றவர் வேடத்தைப் போட்டுக்கொள்வார்கள். இவர் உடம்பில் இருந்ததையே உதறினார்.

சிற்பிகளுக்கு இது புரிந்திருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் பெருமானின் காலடியில் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கிறார். கையில் தாளம் மட்டுமே. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுச் செப்புச்சிலையிலும் அதே தாளம்தான். கம்போடியாவில் 967இல் எழுந்த பந்தியாய் ஸ்ரீ கோயிலில், நடராசர் அருகே இருக்கும் மெலிந்த உருவமும் அம்மையாரே என்கிறார்கள் அறிஞர்கள்.

பையனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன்: "அம்மையார் பெயரை வைத்து யாரையும் பயமுறுத்தாதே. சிவபெருமானே 'அம்மையே' என்று அழைத்தவர் அவர். ஆனியில் ஊரே மாடியில் நின்று மாங்கனி இறைப்பது அவருக்காகத்தான். அவர் பாட்டிலிருந்து பேய்க்கோலத்தை மட்டும் கற்றுக்கொள். எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்காதே, எதை எடுக்கலாம் என்று யோசி."

பட்டியலில் புடவையையும் கொலுசையும் அடித்துவிட்டான். இப்போது அவனுக்குக் காய்ந்த வாகை நெற்று வேண்டுமாம். யார் வீட்டுப் பக்கமாவது மரம் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.