சுதந்திர எழுத்து (ஃபிரெனே முறை)

சுதந்திர எழுத்து என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தமக்குத் தோன்றும்போது, தாமே தேர்ந்த பொருள் பற்றி எழுதுவதை மொழிப்பாடத்தின் அடித்தளமாகக் கொண்ட கற்பித்தல் முறை. 1920களில் பிரெஞ்சுக் கிராமப்பள்ளி ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே (1896–1966) இதை உருவாக்கினார்.

முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பிய ஃபிரெனே, 1920இல் தென்பிரான்சின் பார்-சுர்-லூ பள்ளியில் சேர்ந்தார். பிள்ளைகளை ஊருக்குள் நடத்திக் கூட்டிப்போவார். திரும்பியதும் கண்டதை அவர்கள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதுவார். பலகையை அழித்தால் எழுதியதும் போய்விடும். அது நிலைக்க வேண்டும் என்றே 1924 வாக்கில் வகுப்பறைக்குள் ஒரு சிறிய கையச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்.

எழுதிய பிள்ளைகள் வகுப்பின் முன் வாசிப்பார்கள். எது அச்சேற வேண்டும் என்பதை வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். தேர்வானது கரும்பலகைக்கு வரும். புரியாத இடத்தில் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். எழுதியவரோடு பேசிப் பேசி வாக்கியம் திருந்தும். இலக்கணம் இங்கேதான் நுழைகிறது, அதுவும் தேவைப்பட்ட அளவுக்கு மட்டும். அடுத்து அச்சுக்கோத்தல். இடவலம் மாறிய ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் குழந்தை எழுத்துக்கூட்டலைக் கைவழியே கற்கிறது. ஒலிக்காத எழுத்துகள் நிறைந்த பிரெஞ்சில் காதை நம்பி எழுத முடியாது என்பதால் இந்தப் பயிற்சிக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

அச்சான தாள்கள் பள்ளியோடு நின்றுவிடவில்லை. பிரான்சின் பிரித்தானிக் கடலோரத்தில் ரெனே தனியேல் என்ற ஆசிரியரின் வகுப்போடு ஃபிரெனேயின் வகுப்பு கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டது. உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை, அந்த ஊரையே பாராத ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றால் விளக்கமும் வரிசையும் வேண்டும். முறையின் பெயர் சுதந்திரத்தைச் சொன்னாலும், பிள்ளைகளின் மொழியை வளர்த்ததில் பெரும்பங்கு முகமறியாத இந்த வாசகருக்கே உரியது எனலாம்.

எழுத்துக்குக் கிடைத்த இந்தச் சுதந்திரம் வம்பையும் இழுத்துவந்தது. 1932இல், ஃபிரெனே சேன்-போல் ஊரில் பணியாற்றியபோது, மேயரைக் கொல்வதாகக் கனவு கண்ட ஒரு பிள்ளையின் எழுத்தை எதிர்ப்பாளர்கள் சுவரொட்டியாக ஒட்டினார்கள். அதில் மூண்ட பூசலால் அவர் அரசுப்பள்ளியை விட்டு விலகினார்; 1935இல் வான்ஸில் சொந்தப் பள்ளியைத் தொடங்கினார்.

இம்முறையில் குறைகளும் உண்டு. வாக்கெடுப்பில் செல்வாக்குள்ள பிள்ளையே அடிக்கடி வெல்லக்கூடும். எழுத ஒன்றும் தோன்றாத பிள்ளை ஒதுங்கியே இருந்துவிடலாம். 'இது சுதந்திர எழுத்து நேரம், எழுதுங்கள்' என்று மணியடித்துப் பணித்தாலோ, பழைய கட்டுரைப் பயிற்சிதான் வேறு பெயரில் திரும்பிவரும்.

இத்தாலியில் இம்முறையைக் கையாண்டவர்களில் மாரியோ லோதி குறிப்பிடத்தக்கவர். தம் மாணவர்களோடு சேர்ந்து அவர் எழுதிய, ஒரு சிட்டுக்குருவியின் கதையான 'சிப்பி' 1961இல் நூலாக வெளிவந்தது.