ஐம்பது சொற்களுக்கு ஒரு புதுச்சொல்

அந்நிய மொழி ஒன்றை எதற்காகக் கற்பிக்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை 'பேசுவதற்கு' என்பதே. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் வேறொரு விடையை முன்வைத்தார். முதலில் வாசிக்கக் கற்பிப்போம். பேச்சு பிறகு வரட்டும் என்றார் அவர். இன்று உலகெங்கும் அந்நிய மொழி வகுப்புகளில் 'வாசித்துப் புரிந்துகொள்ளல்' என்ற பெயரில் நடப்பவற்றில் பலவற்றுக்கு அந்த விடையோடு தொடர்புண்டு.

வெஸ்ட் (1888–1973) இந்தியக் கல்விப் பணியைச் சேர்ந்தவர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளத்தின் இருமொழிக் கல்வியைப் பற்றி 1926இல் அவர் எழுதிய விரிவான அறிக்கை வெளியானது. அதில் அவர் கையாண்ட சொல் ஒன்று காப்பீட்டுத் துறையிலிருந்து எடுக்கப்பட்டது: சரண்டர் மதிப்பு. முழுத் தவணையும் கட்டி முடிக்காமல் ஒருவர் பாலிசியை இடையில் ஒப்படைத்தால் அவர் கைக்குக் கிடைக்கும் தொகையே அது. ஒரு பாடத்திட்டத்துக்கும் அப்படியொரு மதிப்பு உண்டு என்றார் வெஸ்ட். பள்ளியில் சேரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் கடைசி வகுப்பு வரை வருவதில்லை. இரண்டாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ விலகிச் செல்லும் பிள்ளை எதைக் கையோடு எடுத்துச் செல்கிறது? அரைகுறைப் பேச்சு சில மாதங்களில் மறந்துவிடும். ஓர் எளிய நூலைத் தானே வாசிக்கும் திறனோ, ஆசிரியர் இல்லாத இடத்திலும் வளரக்கூடியது. ஆகவே வாசிப்பே முதலில் என்பது அவருடைய வாதம்.

இவ்வாதத்தின் மையத்தில் இருப்பவன் பரிசு வாங்கும் மாணவன் அல்லன். பாதியில் நின்றுவிடும் மாணவன். கல்வி வரலாற்றில் அரிதாகவே காணக்கிடைக்கும் அக்கறை இது.

அடுத்ததாக அவர் பாடநூல்களைக் கையில் எடுத்தார். மாணவர்களுக்குப் புரியாமற் போவது அவர்களுடைய மந்தபுத்தியால் என்று ஆசிரியர்கள் நம்பிக்கொண்டிருந்த வேளையில், குற்றம் நூல்களுடையது என்று வெஸ்ட் காட்டினார். வழக்கொழிந்த இலக்கியச் சொற்கள் அவற்றில் நிறைந்திருந்தன. ஒரு பக்கத்திலேயே புதுச்சொற்கள் கூட்டமாக வந்து மோதின. வந்தவை மீண்டும் தலைகாட்டவில்லை. அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக், அடிக்கடி வழங்கும் பத்தாயிரம் ஆங்கிலச் சொற்களின் பட்டியலை 1921இல் வெளியிட்டிருந்தார். அதைத் துணையாகக் கொண்டு, அரிய சொற்களை நீக்கிப் பொதுச்சொற்களை இட்டார் வெஸ்ட். புதுச்சொற்களைத் தூவுவதற்கும் ஓர் அளவு வகுத்தார். ஏறக்குறைய ஐம்பது சொற்களுக்கு ஒரு புதுச்சொல் வரலாம். அதற்கு மேல் போனால் வாசிப்பு நின்று, அகராதி புரட்டும் வேலை தொடங்கிவிடும். லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய 'நியூ மெத்தட்' வாசகங்கள் இக்கொள்கையின்படி எழுந்தவை.

வாசிக்கும் முறையிலும் அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன. வகுப்பு முழுவதும் கூடி உரக்க ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது. மௌனமாகப் பொருள் தேடிப் படிப்பதே வாசிப்பு. பாடத்தை முடித்தபின் கேள்வி கேட்பது நினைவைச் சோதிப்பதாகும். தொடங்குமுன் கேள்வியைக் கொடுத்துவிட்டால் மாணவன் எதையோ தேடிக்கொண்டு பக்கத்துக்குள் நுழைகிறான். பிற்காலத்தார் 'வாசிப்பு உத்தி' என்று பெயரிட்டு அழைத்தவற்றுள் ஒன்று இது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதையொத்த முடிவு ஒன்று எட்டப்பட்டது. அங்கே பெரும்பாலான மாணவர்கள் இரண்டு ஆண்டுகளே அந்நிய மொழி பயில்கிறார்கள். அவ்வளவு குறுகிய காலத்தில் எட்டக்கூடிய இலக்கு வாசிப்பு ஒன்றே என்று 1929இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை கூறியது. இரண்டாம் உலகப்போர் காற்றைத் திசைதிருப்பியது. படைவீரர்களுக்கு வேண்டியிருந்தது பேச்சு. போருக்குப் பின் வகுப்பறைகளை ஆண்டதும் பேச்சுப் பயிற்சியே. வாசிப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டது.

வெஸ்ட் தம் வழியில் தொடர்ந்து சென்றார். சீனாவில் பணிபுரிந்த கனடிய மிஷனரி எண்டிகாட்டுடன் சேர்ந்து 1935இல் ஓர் அகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் 1,490 சொற்களுக்குள் நின்றே விளக்கம் தந்த நூல் அது. 1953இல் அவருடைய பொதுச்சொற் பட்டியல் வந்தது. சுமார் 2,000 தலைச்சொற்கள். ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளில் எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்ற கணக்கும் உடன் இருந்தது. பழைய எழுத்துகளை எண்ணித் தொகுத்த பட்டியல் ஆதலால் அதில் கணினிக்கு இடமில்லை. ஆயினும் புதிய பட்டியல்கள் வந்து அதன் இடத்தைக் கோரும்வரை, பல பத்தாண்டுகள் பாடநூல் எழுதுவோரின் அளவுகோலாக அது விளங்கிற்று.

சொற்களை எண்ணிக் கொடுத்துவிட்டால் பொருள் விளங்கிவிடுமா? 1967இல் கென்னத் குட்மன், வாசிப்பு என்பது ஊகித்தும் சரிபார்த்தும் முன்செல்லும் ஓர் ஆட்டம் என்றார். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பொருளை எட்டுவதில்லை நாம். முன்னறிவைக் கொண்டு எதிர்பார்க்கிறோம் என்பது அவர் கருத்து. 1979இல் நடந்த ஓர் ஆய்வு முன்னறிவின் பங்கைத் தெளிவாக்கியது. ஸ்டெஃபன்சன், ஜோக்தேவ், ஆண்டர்சன் ஆகிய மூவரும் இரண்டு கடிதங்களை இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் படிக்கக் கொடுத்தனர். ஒன்று இந்தியத் திருமணம் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணம் பற்றியது. தத்தம் மரபைச் சார்ந்த கடிதத்தை இரு சாராரும் விரைவாகப் படித்தனர், அதிகமாக நினைவுகூர்ந்தனர். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்ற செய்தி அமெரிக்கருக்குக் குடும்பப் பெருமை. இந்தியர் ஒருவரோ உடை பழையது, வழக்கொழிந்தது என்று நினைவுகூர்ந்தார். சம்பந்திகளுக்குச் செய்யவேண்டிய சீர் பற்றிய பேச்சோ அமெரிக்கர் கண்ணுக்கு வெறும் பரிசுப் பரிமாற்றமாகத் தெரிந்தது. தெரியாத சொல் எதுவும் அங்கே தடையாக நிற்கவில்லை. சொல்லுக்குப் பின்னிருந்த உலகமே தெரியவில்லை.

இதன்பின் உத்திகளின் காலம் வந்தது. தலைப்பைக் கண்டு ஊகி, கேள்வி எழுப்பு, தெளிவில்லாத இடத்தில் நின்று விளக்கம் தேடு, சுருக்கிச் சொல் என்ற நான்கு பயிற்சிகளை பாலின்சாரும் பிரௌனும் 1984இல் வகுத்தளித்தனர். தாய்மொழியில் வாசிக்கத் தடுமாறிய பிள்ளைகளுக்காக எழுந்த இம்முறை, அந்நிய மொழி வகுப்புகளுக்கும் பரவியது. ஆனால் அதே 1984இல் சார்லஸ் ஆல்டர்சன் ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினார்: அந்நிய மொழியில் வாசிக்க இடர்ப்படுவது வாசிப்புக் குறையா, மொழிக் குறையா? இரண்டும்தான், தொடக்க நிலையில் மொழிக் குறையே பெரிது என்ற திசையில் அவர் விடை சென்றது. சொல்லே தெரியாதவனிடம் ஊகிக்கச் சொல்வது, நீரில்லாத குளத்தில் நீச்சல் கற்பிப்பது போன்றது.

2000இல் ஹூவும் பால் நேஷனும் ஒரு கணக்கை வெளியிட்டனர். கதை ஒன்றைத் துணையின்றி வாசித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு, அதாவது ஐம்பதுக்கு ஒன்று. வெஸ்ட் வகுத்த அதே அளவு.

வெஸ்டை வியந்து நிறுத்திவிடுவதற்கில்லை. அவர் காலனிய அரசின் ஊழியர். உணர்வுக்கும் வாழ்வுக்கும் வங்காளி, அறிவுத் தகவலுக்கு ஆங்கிலம் என்ற பங்கீடு அவர் சிந்தனையில் ஊடாடுகிறது. அப்பங்கீட்டை ஏற்காதவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் தமிழில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்க முனைந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சுருக்கி எளிதாக்கிய நூல்கள் மூலத்தின் சுவையை இழக்கின்றன என்ற குறையும் உண்மையே. இலக்கிய வாசகர்களுக்கு இது நியாயமாகவே உறுத்தும். ஆனால் எளிய பதிப்பு என்பது ஏணி. ஏணியை வீடென்று நம்புவது பிழை. ஏணி கூடாதென்று மாடியில் நிற்பவர் சொல்வதும் பிழையே.

வாசிக்கக் கற்பித்தவர்கள் சொல், ஊகம், உலகம் என்ற மூன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டார்கள். மூன்றும் ஒருசேர வேண்டும் என்பதற்கு மேற்கண்ட ஆய்வுகளே போதிய சான்று. அவற்றை எந்த அளவில், எந்த வரிசையில் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது வெஸ்டின் காப்பீட்டுச் சொல் இன்றும் உதவும். இந்த ஆண்டோடு இப்பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டால், எந்த நூலைத் தானாகத் திறந்து கடைசிப் பக்கம் வரை செல்ல முடியும்? அந்நிய மொழியைக் கற்பிக்கும் ஒவ்வொருவரும் ஆண்டு முடிவில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.