பழத்தோட்டத்து வழி



பரிசுத்த ஆவியானவரைத் தேற்றரவாளன் என்று நம் வேதாகமம் அழைக்கிறது. அதற்கு மூலமான கிரேக்கச் சொல் 'பராக்ளேட்டோஸ்'. பக்கத்தில் வந்து நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்பது அதன் நேர்பொருள். நாமோ தேற்றுதல் என்றவுடன் வார்த்தைகளைத் தேடுகிறோம்; ஒரு வசனத்தைக் கைபேசியில் அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று எண்ணிக்கொள்கிறோம். பக்கத்தில் நிற்பது அத்தனை எளிதன்று. அதற்குத் திருச்சபைச் சரித்திரத்திலிருந்து ஒரு நட்பை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜான் நியூட்டனை நீங்கள் அறிவீர்கள். அடிமைக் கப்பலின் தலைவனாயிருந்து, பின்பு 1764-ல் இங்கிலாந்தின் ஓல்னி என்னும் சிற்றூருக்குக் குருவானவராக வந்தவர். மூன்று ஆண்டுகள் கழித்து வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் அவ்வூரில் குடியேறினார். அவர் 1763-லேயே கடுமையான மனநோய்க்கு உள்ளாகி, தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மருத்துவமனையில் நெடுநாள் இருந்தவர்.

இருவர் வீட்டுக்கும் இடையில் ஒரு பழத்தோட்டம் இருந்தது. தெருவைச் சுற்றிப் போகாமல் அதன் வழியே நடந்து செல்வதற்காக, அதன் உரிமையாளருக்கு ஆண்டுக்கு ஒரு கினிப் பொன் கொடுத்துவந்தார்கள். ஒருவரையொருவர் சந்திக்கும் வழிக்கென்று விலை கொடுத்த நண்பர்கள்! ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது நியூட்டன் கூப்பரையும் அழைத்துச் சென்றார். இருவரும் சேர்ந்து ஞானப்பாட்டுகள் இயற்றினார்கள்.

1773 ஜனவரி முதல் நாள் ஆராதனைக்கென்று நியூட்டன் எழுதியதே உலகம் இன்றும் பாடும் 'அமேசிங் கிரேஸ்'. அதே மாதத்தில் கூப்பரின் மனம் மீண்டும் உடைந்தது. தேவன் தம்மை என்றென்றைக்கும் தள்ளிவிட்டார் என்றும், ஜெபிக்கக்கூடத் தமக்கு உரிமையில்லை என்றும் அவர் நம்பினார். ஏப்ரலில் நியூட்டனின் குருமனைக்கு வந்தவர், ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே தங்கிவிட்டார். அந்த வீட்டிலிருந்தபோதே மறுபடியும் உயிரை மாய்க்க முயன்றார். நியூட்டனும் அவர் மனைவி மேரியும், கூப்பரைத் தாயைப்போல் பேணிய மேரி அன்வின் அம்மையாரும் அவரைக் காத்தார்கள்.

நியூட்டனின் கடுமையான போதனைதான் கூப்பரை நோயில் தள்ளியது என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. நியூட்டனைச் சந்திப்பதற்கு முன்பே அந்த நோய் அவரைத் தாக்கியிருந்தது. மேலும், ஆலயத்துக்கு அஞ்சி விலகிய அதே மனிதர், அந்தப் போதகரின் வீட்டைவிட்டுப் போக மனமில்லாமல் தங்கினாரே!

ஆனால் இந்தச் சரித்திரத்தில் நமக்குக் கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. கூப்பர் ஓரளவு தேறி, தோட்டம் வளர்த்தார், முயல்களை வளர்த்தார், புகழ்பெற்ற கவிதைகளையும் எழுதினார், நம்பிக்கையோ திரும்பவில்லை. ஆலய ஆராதனைக்கு அவர் மீண்டும் வரவில்லை. நம் சபையிலும் இப்படி ஒருவர் உண்டல்லவா? முதல் மாதம் எல்லாரும் போய்ப் பார்த்தோம். ஆறாம் மாதம் யார் போனது? அவர் குணமாகவில்லை என்பதே நம்மை மெல்ல விலகச் செய்கிறது. நம் ஜெபம் தோற்றதுபோல் நமக்கு வெட்கமாகிவிடுகிறது.

1780-ல் நியூட்டன் லண்டனில் ஊழியம் செய்யச் சென்றார். பழத்தோட்டத்து வழி இல்லாத அந்த ஆண்டுகளில் கடிதங்கள் போய்வந்தன. நடுவில் மனத்தாங்கலும் வந்தது, நட்பு அறுந்துபோகவில்லை. 1799-ல் கூப்பர் எழுதிய கடைசிக் கவிதைகளில் ஒன்று, நடுக்கடலில் கப்பலிலிருந்து விழுந்து மூழ்கும் மாலுமியைப் பற்றியது. தம் நிலையையே அவர் அதில் கண்டார். 1800 ஏப்ரலில் அவர் மரித்தார்.

அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தபோது நியூட்டனுக்கு வயது 74. அதற்கு அவர் தெரிந்துகொண்ட வேதபகுதி யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம்: அக்கினியால் எரிந்தும் வெந்துபோகாத முட்செடி.