சாவா மூவா ஆடும் என் கறவை மாடும்

போன வாரம் மோட்டாருக்குக் காயில் கட்டக் கொடுத்தேன். சாயங்காலம் வாங்க என்றார்கள். தஞ்சாவூரில் நாலு மணி நேரம் சும்மா கிடைத்தது. சின்ன வயசில் பார்த்த இடங்களை மறுபடி ஒரு சுத்து சுத்தினேன்.

முதலில் அரண்மனை. நாயக்கர் காலத்தில் ஆரம்பித்து மராட்டியர் காலத்தில் பெருசாக்கினது. தர்பார் மண்டபம், சரசுவதி மகால் எல்லாம் அங்கேதான். 1855-ல் இரண்டாம் சிவாஜி மகராஜா ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், கம்பெனிக்காரன் ராஜ்யத்தை எடுத்துக்கிட்டான். பெரிய கோட்டை மதில் இப்போ அங்கங்கே துண்டு துண்டாத்தான் நிக்குது.

அப்புறம் சின்னக் கோட்டைக்குள் இருக்கும் பெரிய கோயில். ராஜராஜன் 1010-ல் முடிச்சது. விமானம் 216 அடி. எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறாங்க. நான் குனிஞ்சு அடிச்சுவரைப் பார்த்தேன். ராஜா கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாம் அதிலே வெட்டியிருக்கு. நமக்கு அந்த எழுத்து படிக்க வராது. ஆனா புத்தகத்தில் படிச்ச ஒரு கணக்கு ஞாபகம் வந்தது.

ஒரு விளக்கு எரிய 96 ஆடு, இல்லேன்னா 48 பசு, இல்லேன்னா 16 எருமை. அதை இடையர்கிட்ட விட்டுடுவாங்க. அவர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கணும். உழக்குன்னா நாழியில் கால். சோழர் கல்வெட்டுகளில் இந்த ஆட்டுக்கு ஒரு பேரு உண்டு: சாவா மூவாப் பேராடு. கிழடு கழிஞ்சா குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அதனால ஆட்டுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை.

இதை நினைச்சதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிஞ்சது. கடன் வாங்கி ரெண்டு கறவை மாடு வாங்கினேன். ஒண்ணு கோமாரியில் செத்துப்போச்சு. காது வில்லை விழுந்துட்டதால இன்சூரன்ஸும் இல்லைன்னுட்டாங்க. மாடு செத்துது, தவணை சாகல. இன்னும் பதினோரு மாசம் கட்டணும். என் மாடும் ஏட்டுல சாவா மூவா மாடுதான்!

நோய் வந்து பாதி மந்தை போன வருஷம் அந்த இடையர் நெய்க்கு என்ன பண்ணியிருப்பார்? பொண்டாட்டி தோட்டை வித்திருப்பாரோ? அவர் வீட்டில் அன்னிக்கு விளக்கு எரிஞ்சுதோ என்னவோ.

ஒண்ணு மட்டும் மனசுக்கு ஆறுதல். ஆடு வாங்கின இடையர்கள் பேரும் ராஜா பேர் இருக்கிற அதே சுவரில் இருக்கு. ஆயிரம் வருஷம் ஆச்சு, அழியல.

பெரிய கோயில் போனா நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. மோட்டார் வந்துடுச்சு, நாளைக்கு நாத்தங்காலுக்குத் தண்ணி வைக்கணும். வரேன்.