மூதூர் புளியமரமும் பரங்கிப்பேட்டை வியாபாரிகளும்



மூதூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு எருமைத் தயிர் ஞாபகம் வரும். கொஞ்சம் படித்தவர் என்றால் ரொபர்ட் நொக்ஸ் பெயரையும் சொல்வார். லோஞ்சில் வந்திறங்கி அந்த நினைவுக் கல்லைத் தேடிப் போனவர்களுக்கு வழிகாட்டியவர்கள் நாங்கள்தான்.

1893இல் வைத்த அந்தக் கல், 'வெள்ளைக்காரன் மரத்தின்' கீழ் 1660இல் கப்டன் நொக்ஸ் பிடிபட்டார், 19 வருடம் கண்டி அரசனிடம் கைதியாக இருந்தார் என்கிறது. ஆனால் கப்டன் தகப்பன். 19 வருடம் இருந்தவர் மகன். இருவருக்கும் ஒரே பெயர். தகப்பன் ஒரு வருடம் ஆகுமுன் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார்.

மகனுக்கு அப்போது 19 வயது. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லும்படி திசாவை அவரைத்தான் அனுப்பினான். அவர் போய், "வராதீர்கள்" என்று மாலுமிகளைத் தடுத்தார். கப்பலிலேயே தப்பியிருக்கலாம். வாப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்து கைதியானார். வகுப்பில் இந்த இடத்தைச் சொல்லும்போது பிள்ளைகள் சத்தமில்லாமல் கேட்பார்கள். 1679இல் அநுராதபுரக் காட்டு வழியாக அரிப்புக் கோட்டைக்குத் தப்பினார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வந்தது.

அந்தப் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே நாம் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. 'ஆன்' கப்பல் மசூலிப்பட்டணத்தில் புயலில் அடிபட்டுப் பாய்மரம் இழந்தது. புது மரம் நாட்டவும் துணி விற்கவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அதில் பரங்கிப்பேட்டை வியாபாரிகளும் இருந்தார்கள், இங்கே கரையிறங்கினார்கள்.

அவர்களின் பெயரையோ மார்க்கத்தையோ நொக்ஸ் சொல்லவில்லை. ஆனால் பரங்கிப்பேட்டை தமிழ் முஸ்லிம் மரக்கலக்காரர்களின் பழைய துறைமுகம். வெள்ளைக்காரன் பாய்மரம் உடைந்து ஒதுங்கிய இந்தக் கரை, அக்கரை வியாபாரிகளுக்குத் தெரிந்த சந்தை. நம் ஊரின் சரித்திரத்தை அவன் பிடிபட்ட நாளிலிருந்து தொடங்குவது நமக்குச் சரியாகப் படவில்லை.

பழைய மரம் இன்று இல்லை, கல் இருக்கிறது. வியாபாரிகளுக்கு அதுவும் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு தரைவழியும் இலேசாகிவிட்டது. கடல்வழிக் கதைகளைச் சொல்லும் மூத்தவர்களும் குறைந்து வருகிறார்கள்.

உங்கள் வீட்டில் அக்கரை வியாபாரம் பற்றிய பழைய உறுதி, கணக்குக் கொப்பி, அரபுத்தமிழ்க் கடிதம் ஏதாவது இருந்தால் கறையான் தின்ன விடாதீர்கள். படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.